மட்டை பிடித்த கை

பதினொரு வருடமாக நான் மட்டை பிடித்தவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை.

ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில், உயர்ந்த அடுக்குமாடிகளுக்கு நடுவில் ஒரு பொது மண்டபம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே கூடிப் படம் பார்ப்போம். எழுபது கதிரை, ஒரு பழைய புரொஜெக்டர், இடைவேளைக்கு ரோல்ஸும் பால் தேத்தண்ணீரும். குடும்பமாகப் பார்க்கிற இடம் என்பதால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திரையில் யாராவது யாரையாவது முத்தமிடப் போனால், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் இருக்கிறவர் அதன் கண்ணாடிக்கு முன்னால் ஒரு மட்டையைப் பிடிக்க வேண்டும். அவர்கள் அலுவல் முடிந்ததும் எடுக்கலாம். அப்படிப் பக்கத்தில் இருக்கிறவன் நான். மட்டை, தமிழ்க்கடை தந்த கலண்டரின் மட்டை. அதில் லட்சுமி இருந்தபடியால், அவள் முகத்தில் வெளிச்சம் விழாதபடி படம் உள்ள பக்கத்தை எப்போதும் மற்றப் பக்கம் திருப்பித்தான் பிடிப்பேன். அவளுக்கு எதற்கு அந்தக் காட்சியெல்லாம்.

கத்திக்குத்துக்கு நான் மட்டை பிடித்ததில்லை. பிடிக்கச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. இன்னொன்று, மட்டை படத்தைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது. பின்னால் நடந்ததற்கு இது முக்கியம்.

விமலாதேவி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் என் மட்டையில் தொடங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை என்று தெரியும். ஆனால் அவரைப் பற்றி எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த மட்டையில்தான் வந்து முட்டுகிறேன்.

விமலா அக்காவுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. எண்பத்தேழாம் ஆண்டு, இருபது வயது கடந்த கையோடு, நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டுக்கு மீன் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அங்கே குளிர்காலத்தில் இரண்டு மாதம் சூரியன் எட்டிப் பார்க்காது. பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டுக்கொண்டுதான் மீன் வெட்டுவார்கள். ஐஸ் தண்ணீரில் கை, ரப்பர் கையுறைக்குள் இன்னொரு கையுறை, அதற்குள்ளும் விறைப்பு. வேலைக்காரர் தங்கும் மரக் கட்டடத்தில் ஓர் அறைக்கு இரண்டு பெண்கள். விமலா அக்காவின் அறையில் இருந்த மற்றவர் சிவநாயகி. மூன்று வருடம் ஒன்றாக இருந்தார்கள். பிறகு சிவநாயகிக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை வெளியில் இல்லை, அதே தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிற வண்டி ஓட்டிய இராசதுரை. கலியாணம் முடிந்து அவர்கள் ஒஸ்லோவுக்கு இறங்கினார்கள். இரண்டு வருடத்தில் விமலா அக்காவும் இறங்கினார்.

அவர் கலியாணம் செய்யவில்லை. ஏன் என்பதற்கு எங்கள் சனத்திடம் ஒரு விளக்கம் தயாராக இருந்தது: மூன்று தங்கச்சிமாரைக் கரைசேர்க்கப் போய்த் தன் காலத்தை விட்டுவிட்டார், பாவம். எல்லோரும் அதைச் சொன்னோம். அவர் மறுக்கவில்லை. எங்களுக்கும் அது வசதியாக இருந்தது, அவருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

ஒஸ்லோவில் அவருக்குக் கிடைத்தது நகர் நடுவில் பழைய படங்கள் போடுகிற ஒரு தியேட்டரைத் துப்புரவு செய்யும் வேலை. படம் முடிந்து சனம் வெளியேறியதும் அடுத்த காட்சிக்கு முன் கூட்டி முடிக்க வேண்டும். நேரம் போதாதென்று பத்து நிமிடம் முந்தியே போய்க் கதவடியில் தும்புத்தடியோடு நிற்பார். அதனால் பல வருடங்களாக அவர் பார்த்ததெல்லாம் படங்களின் கடைசிப் பத்து நிமிடம்தான். நூறு படங்களின் முடிவு அவருக்குத் தெரியும், ஒன்றின் தொடக்கமும் தெரியாது. முடிவைப் பிடித்துக்கொண்டு, கூட்டிக் கூட்டியே தொடக்கத்தை ஊகிப்பாராம்.

இத்தாலியப் படங்கள்தான் அவரை அதிகம் பிடித்து நிறுத்தின. காதில் இத்தாலியம், திரையின் அடியில் நோர்வேஜிய எழுத்து. அகதிகளுக்கு நடத்திய மொழி வகுப்பில் ஏறாத நோர்வேஜியம் அவருக்கு அந்த எழுத்தை வாசித்து வாசித்து ஏறியது. இத்தாலியத்துக்கு இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போனார். துப்புரவு வேலைக்காரிக்கு இத்தாலியம் எதற்கு என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். அதில் நானும் ஒருவன்.

எங்கள் திரை வட்டத்தைத் தொடங்கியது சிவநாயகி. தலைவியும் அவர்தான். நல்ல பேச்சு, நல்ல சேலை, யாரையும் பகைக்காமல் காரியம் முடிக்கிற கெட்டித்தனம். விமலா அக்கா இத்தாலியப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவார். நான் அதைக் கணினியில் ஏற்றி எழுத்துப் பிழை பார்ப்பேன். வருடத்துக்கு இரண்டு படம். அவர் தேர்ந்தெடுக்கும் படங்களில் ஊர்வலம் இருக்கும், வேலைநிறுத்தம் இருக்கும், போர் இருக்கும். எங்கள் ஆண்களுக்கு அதுவரைக்கும் பிடிக்கும். கொடி பிடிக்கிற காட்சியில் கைதட்டிவிட்டு, கொடி பிடித்தவன் வீட்டுக்குப் போய் மனைவியை அறைகிற காட்சியில் தேத்தண்ணீர் குடிக்க எழும்பிவிடுவார்கள்.

ஒருமுறை படம் முடிந்த பேச்சில் விமலா அக்கா சொன்னார்: இந்தப் படங்களில் பாசிசக் கறுப்புச் சட்டைக்காரனும் செங்கொடிக்காரனும் தெருவில் அடிபடுகிறார்கள், வீட்டுக்குள் போனால் இரண்டு பேரும் ஒரே குரலில் சாப்பாடு கேட்கிறார்கள். யார் யாரோடு படுக்கலாம் என்று தீர்மானிக்கிறதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இராசதுரை உடனே, முதலில் விடுதலை வரட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். இதை இத்தாலியைப் பற்றித்தான் சொன்னாரா என்று தெரியவில்லை. எங்கள் கூட்டங்களில் நாற்பது வருடமாகக் கேட்கிற வசனம் அது. விமலா அக்கா சிரித்துவிட்டு வாளியைத் தூக்குகிற மாதிரிக் கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போன மாரிக்கு முன் அவர் ஒரு படத்தைக் கொண்டுவந்தார். இருபது வருடத்துக்கு முன் அதன் முடிவைப் பார்த்திருக்கிறார். ஒரு தொழிற்சங்க மண்டபம். தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்தச் சொல்கிறார்கள். கடைசியாக ஒரு பெண் மெல்லக் கையை உயர்த்துகிறாள். அதைப் பார்த்ததும் இன்னொரு பெண் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டு வெளியேறுகிறாள். அவ்வளவுதான். ஒரு கை உயர்ந்ததற்கு ஏன் ஒருத்தி அப்படி வெளியேற வேண்டும் என்பது விமலா அக்காவை இருபது வருடம் விடவில்லை. முழுப்படத்தையும் இப்போதுதான் தேடிப் பிடித்திருந்தார்.

கதை ஒரு துறைமுக ஊரில், மீன் தகரத்தில் அடைக்கிற தொழிற்சாலையில். நெல்லா, அசுந்தா என்று இரண்டு வேலைக்காரப் பெண்கள். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்துகிறவர்கள். ஒரே அறையில் இருக்கிறார்கள், ஒருத்தி மேல் ஒருத்தி உயிராய் இருக்கிறார்கள். இது கட்சிச் செயலாளருக்குத் தெரியவருகிறது. கட்சியின் பெயர் கெட்டுவிடும் என்று அசுந்தாவை நீக்கத் தீர்மானம் வருகிறது. கடைசியில் உயர்ந்த கை நெல்லாவுடையது.

இந்தப் படத்துக்கு மட்டை வேண்டாம் என்று விமலா அக்கா செயற்குழுவில் கேட்டார். பதினொரு வருடத்தில் அவர் எங்களிடம் கேட்ட ஒரே விசயம். சிவநாயகியின் மகள் கம்சாயினி, இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மட்டை பிடிக்கிறது சரியான பின்லி என்று சேர்ந்து கத்தினாள். வெட்கக்கேடு என்பதற்கு இங்கத்தைப் பிள்ளைகள் சொல்லும் நோர்வேஜியச் சொல் அது. சிவநாயகி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு விமலா அக்காவின் கையைப் பிடித்துச் சொன்னார்:

"நான் இருக்கேக்கை உன்ரை படத்துக்கு ஒருதரும் மட்டை பிடிக்கமாட்டினம். சரியே?"

விமலா அக்கா நான்கு மாதம் அந்தப் படத்தோடு இருந்தார். ஹொல்ம்லியாவில் அவருடைய சின்ன வீட்டில், சமையலறை மேசையில். நான் ஓய்வு நாட்களில் போய்ப் பிழை திருத்துவேன். ஒரு மணி ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு காட்சி. அறையில் அடுப்பு அணைந்து கிடக்கிறது. அசுந்தாவின் விறைத்த கைகளை நெல்லா தன் கமக்கட்டுக்குள், அக்குளின் கதகதப்பில், வைத்துச் சூடாக்கியபடி ஏதோ சொல்கிறாள். முத்தம்கூட இல்லை. அந்த இடத்துக்கு விமலா அக்கா எழுதியிருந்த வரி இது: 'உன்ரை கை குளிர்ந்தால் எனக்குத்தான் விறைக்கும்.'

படம் முழுக்க எழுத்துத் தமிழில் எழுதியவர் இந்த ஒரு வரியை மட்டும் பேச்சில் எழுதியிருந்தார். அந்தப் பெண் உண்மையில் இதைத்தான் சொல்கிறாளா என்று கேட்டேன்.

"அவள் சொல்லுறது, உன்னை விட்டிட்டு நான் எங்கை போறது எண்டு. அப்பிடி எழுதினால் சினிமாப் பாட்டு மாதிரி இருக்கும். இது எனக்கு ஒரு ஆள் சொன்னது, லிங்கம். பாட்ஸ்பியோர்ட்டிலை. அந்த ஆளும் அண்டைக்குப் படத்துக்கு வரும். ஒருக்கா வாசிச்சால் காணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அந்த ஆள் யார் என்று கேட்க வந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேட்கத் தேவையும் இருக்கவில்லை என்று நினைத்தேன். பாட்ஸ்பியோர்ட்டில் வேலை செய்து எங்கள் மண்டபத்துக்கு வருகிற ஒரே ஆண் இராசதுரை. ஓகோ, சிவநாயகி முந்திக்கொண்டுவிட்டார், இவர் முப்பத்தைந்து வருடமாக உள்ளுக்குள் வைத்து அழுகிறார். ரயிலில் வரும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மூளையின் லட்சணம் அப்படி.

படத்துக்கு மூன்று நாள் முந்தி, வியாழக்கிழமை, சிவநாயகி தொலைபேசி எடுத்தார். கம்சாயினிக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் லண்டனிலிருந்து வந்து நிற்கிறார்கள், ஞாயிறு படத்துக்கும் வருவார்கள், படத்தில் அப்படி இப்படி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஒரு மணி ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு சின்னக் காட்சி, அதிலும் கையைத்தான் பிடிக்கிறார்கள் என்றேன். என்ன கதைக்கிறார்கள் என்றார். கணினி முன்னால்தான் இருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

"உன்ரை கை குளிர்ந்தால் எனக்குத்தான் விறைக்கும்."

மற்றப் பக்கம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்து இரண்டு தரம் 'ஹலோ' சொன்னேன். பாவம், தன் புருசனின் வசனம் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று வேறு இரக்கப்பட்டேன். பிறகு அவருடைய வழக்கமான குரல் வந்தது.

"எதுக்கும் மட்டையைக் கொண்டு வாரும், லிங்கம்."

வாக்குக் கொடுத்தீர்களே என்றேன். பாவிக்கப் போவதில்லை, கிடக்கட்டும் என்றார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். மட்டை தொலைந்துவிட்டது என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். பதினொரு வருடம் பிடித்துப் பழகிய கை, ஞாயிற்றுக்கிழமை காலை தானாகவே அதைப் பைக்குள் வைத்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. இரண்டாம் வரிசையில் சம்பந்தி வீட்டார், பக்கத்தில் கம்சாயினி, இராசதுரை. விமலா அக்கா கடைசி வரிசையில், கதவடியில் இருந்தார். வெங்காயத்தாள் நிறச் சேலை, தலையில் கொஞ்சம் பூ. அவரைப் பூவோடு நான் முன்பு பார்த்ததில்லை. படம் நன்றாகப் போனது. தொழிற்சாலை வாசலில் பொலிஸ்காரன் ஒருவன் வேலைக்காரனின் மண்டையை உடைத்தான், ரத்தம் திரை முழுக்க ஓடியது. சம்பந்தியம்மா ரோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி எட்டு நிமிடத்தில் சிவநாயகி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். கையை நீட்டினார். நான் பையைத் திறந்து மட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிடுங்கவில்லை, நான்தான் கொடுத்தேன். இதைத் திரும்பத் திரும்ப எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நெல்லா அசுந்தாவின் கையை எடுத்தபோது திரை இருண்டது. சிவநாயகிக்குப் பழக்கமில்லை, மட்டையைத் திருப்பிப் பிடித்துவிட்டார். புரொஜெக்டரின் வெளிச்சம் முழுவதும் லட்சுமியின் முகத்தில் விழுந்தது. இருட்டுக்குள் அந்த இத்தாலியக் குரல் மட்டும் வந்தது. எழுபது பேர் இருந்த மண்டபத்தில் அது என்ன சொல்கிறது என்று விளங்கக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். எழுத்தும் மறைந்துவிட்டதே.

பின்னாலிருந்து விமலா அக்காவின் குரல் கேட்டது. கத்தவில்லை. கணக்கு வாத்தியார் விடை சொல்கிற மாதிரித் தெளிவாகச் சொன்னார்.

"உன்ரை கை குளிர்ந்தால் எனக்குத்தான் விறைக்கும். இதைத்தான் அவள் சொல்லுறாள்."

இரண்டாம் வரிசையிலிருந்து கம்சாயினி சிரித்தபடி திரும்பினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவளைக் குறை சொல்ல முடியாது.

"அம்மா, இது நீங்கள் எனக்குச் சொல்லுறதெல்லோ. சின்னனிலை கையிலை வொத்தர் கையுறை மாட்டிவிடேக்கை, ஒவ்வொரு நாளும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று வருடம், ஓர் அறை, இரண்டு பெண்கள். தொலைபேசியில் அறுந்தது தொடர்பு இல்லை. நான் அந்த வசனத்தை அதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டியிருக்கிறேன். புரொஜெக்டரின் பக்கவாட்டு வெளிச்சத்தில் சிவநாயகியின் முகம் தெரிந்தது. ஈயாடவில்லை. கடைசி வரிசையில் விமலா அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு சொல் போதும் என்று இருந்தது. ஓம் என்று சொல்லியிருந்தாலே போதும், சம்பந்தி வீட்டாருக்கு அதில் என்ன விளங்கியிருக்கும்?

சிவநாயகி மகளைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"எல்லாத் தாய்மாரும் பிள்ளையளுக்குச் சொல்லுறதுதானே அது."

சொல்லிவிட்டு மட்டையை எடுத்தார். அடுத்த காட்சி தொடங்கியிருந்தது. ஊர்வலம், கொடிகள், பாட்டு. ஆண்கள் கைதட்டினார்கள். விமலா அக்கா கம்பளிக் குளிர்ச்சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். முடிவுகளை மட்டும் பார்த்து வாழ்ந்தவர், முதல்முறையாக முடிவுக்கு முன்னால் எழுந்து போனார்.

நான் ஓடிப்போய் ரயில் நிலையத்தில்தான் பிடித்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன், அவர் அதைக் கேட்கவில்லை. தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றவர் கேட்டார்:

"அவளுக்கு முதலே தெரியுமோ, அதிலை என்ன எழுதியிருக்கெண்டு?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். படத்துக்குப் பயந்துதான் மறைத்தாள், என் வரி என்று தெரிந்து அல்ல என்று நினைத்திருப்பார். ஆனால் அன்றைக்கு அவரிடம் இன்னொரு மட்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஓம் அக்கா. வியாழக்கிழமை நான்தான் போனிலை வாசிச்சுக் காட்டினனான்."

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. ஒரு ஆசை வந்திருந்தது, நான்கு மாதம் சமையலறை மேசையில் பார்த்த அதே ஆசை.

"அப்ப கேட்டவள்."

"ஓம்."

"கேட்டிட்டு என்ன சொன்னவள்?"

ரயிலின் விளக்கு தூரத்தில் தெரிந்தது. அது வருவதற்குள் சொன்னேன்.

"மட்டையைக் கொண்டு வாரும் எண்டவ."

அவர் தலையாட்டினார். ரயில் வந்து நின்றது, கதவு திறந்தது. ஏறி, உட்காராமல் கதவடியில் நின்றார். அவசரத்தில் கையுறைகளை மண்டபத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். கதவு மூடியபின் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். இரண்டு கைகளையும் தன் கமக்கட்டுக்குள் தானே வைத்துக்கொண்டு நின்றார்.